வெள்ளிப் பொத்தானும் ஒரு போரும்

தீவின் அரசர்கள் – 17

சென்ற அத்தியாயத்தில் பிரையன் போருவை அர்மா தேவாலயத்தில் விட்டுவந்தோம். ஆண்டு 1005. பலிபீடத்தின் மேல் இருபது அவுன்ஸ் பொன்னை வைக்கிறான். உடன் வந்த துறவி, இருநூறு ஆண்டுப் பழமை கொண்ட அர்மா ஏட்டைத் திறந்து, அதில் காலியாக இருந்த இடத்தில் இந்த வருகையைப் பதிந்து, தன் மன்னனுக்கு 'ஐரியர்களின் பேரரசர்' என்று ஒரு பட்டத்தையும் லத்தீனில் எழுதிவைக்கிறான். அங்கிருந்து 1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளி வரை ஒன்பது ஆண்டுகள். அன்று டப்ளினுக்கு வடக்கே, குளோன்டார்ஃப் கடற்கரையை ஒட்டி நடந்த சண்டையில் பிரையன் இறந்தான். அயர்லாந்தில் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லும்: இருநூறு ஆண்டுகள் நாட்டைச் சூறையாடிய வைக்கிங்குகளைக் கிழட்டு மன்னன் ஒரே நாளில் கடலுக்குள் விரட்டினான், வெற்றி கைக்கு வந்த நேரத்தில் கூடாரத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது வெட்டுண்டு மடிந்தான். அந்தக் கதையை மறுபடி ஒருமுறை சொல்வது இந்த அத்தியாயத்தின் வேலை அல்ல. அதைக் கட்டியது யார், எதற்காகக் கட்டினார்கள் என்று பார்க்கப்போகிறோம். நாம் வரலாறு என்று நம்பிவரும் பிரையன் கதை ஒரு சரித்திர நாவல். நல்ல நாவல்தான். ஆனால் அதன் மிகப் பெரிய கற்பனை கூடாரமும் அல்ல, ஜெபமும் அல்ல. 'எதிரி' என்று அது காட்டும் ஆள்தான் என்பது என் வாதம்.

நூலின் பெயர் 'கோகத் கேதெல் ரே கல்லிவ்'. அயலாரோடு கேல்கள், அதாவது ஐரிஷ்காரர்கள், நடத்திய போர் என்று பொருள். பிரையன் இறந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரிஷ் மொழியில் எழுதப்பட்டது. குளோன்டார்ஃப் போர் ஏன் மூண்டது என்பதற்கு இந்நூல் தரும் காரணத்தைக் கேளுங்கள். லென்ஸ்டர் மன்னன் மெயில் மோர்தா, பிரையனின் கின்கோரா கோட்டைக்குக் கப்பல் பாய்மரங்களுக்கான பைன் தடிகளைக் கொண்டுவருகிறான். வழியில் சேறு. தூக்குவோருக்குள் யார் முந்துவது என்று தகராறு. அதை அடக்க மன்னனே ஒரு தடிக்குத் தோள் கொடுக்கிறான். அவன் போட்டிருந்த பட்டு மேலாடை பிரையன் கொடுத்தது. தூக்கிய வேகத்தில் அதன் வெள்ளிப் பொத்தான் தெறித்துவிடுகிறது. கின்கோராவில் இருந்த தன் சகோதரி கோர்ம்லாவிடம் ஆடையைக் கொடுத்துப் பொத்தானைத் தைத்துத் தரச் சொல்கிறான். அவள் அதை வாங்கி நெருப்பில் போடுகிறாள். நம் அப்பனும் பாட்டனும் எவனுக்கும் செய்யாத ஊழியத்தை நீ செய்கிறாயே என்று குத்திக் காட்டுகிறாள். மறுநாள் பிரையனின் மகன் முர்காத் பலகையாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறான். மெயில் மோர்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காய் நகர்த்தச் சொல்ல, முர்காத் தோற்றுப்போகிறான். கிளென்மாமாவில் தோற்ற டப்ளின்காரர்களுக்கு நீ சொன்ன யோசனையும் இப்படித்தானே என்று முர்காத் சீற, இந்த முறை தோற்காதபடி யோசனை சொல்கிறேன் என்று எழுந்துபோகிறான் லென்ஸ்டர்காரன். போர் மூண்டுவிடுகிறது.

இதை எழுதியவனின் கை சாதாரணக் கை அல்ல. ஒரு பொத்தான், ஒரு நெருப்பு, ஒரு தப்பான காய். மூன்றிலும் மானம்தான் விஷயம். ஆனால் ஆண்டுக்குறிப்புகளைப் புரட்டினால் காட்சி வேறு. மடங்களில் ஆண்டுதோறும் வறட்டுத்தனமாக எழுதிவந்த அந்த ஏடுகளில் பொத்தானும் இல்லை, பலகையாட்டமும் இல்லை. 1013-இல் லென்ஸ்டரும் டப்ளினும் சேர்ந்து தாரா மன்னன் மாலக்கியின் நிலத்தைத் தாக்குகின்றன. மாலக்கியின் மகன் ஒருவன் சாகிறான். மாலக்கி 1002-இல் பிரையனுக்குப் பணிந்தவன். பணிந்தவனைக் காப்பாற்ற முடியாத மேலரசனுக்குப் பணிபவர் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே முர்காத் லென்ஸ்டருக்குள் புகுந்து கிளென்டலாக் வரை கொளுத்திக்கொண்டு போகிறான். பிரையன் டப்ளினை வளைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் வரை உட்கார்ந்திருக்கிறான். சாப்பாடு தீர்ந்துபோகவே வீடு திரும்புகிறான். வசந்தத்தில் திரும்ப வருவான் என்று டப்ளினுக்குத் தெரியும். அதனால்தான் கடல் தாண்டி ஆள் தேடினார்கள். கப்பம் கட்டிவந்த இரண்டு சிற்றரசுகள் நுகத்தை உதறப் பார்த்தன, மேலரசன் அடக்கப் போனான். அவ்வளவுதான். இத்தொடரில் இதுவரை வந்த பதினாறு அத்தியாயங்களிலும் இதே மாதிரிச் சண்டைகளைப் பார்த்திருக்கிறோம்.

அன்று யார் யாருக்கு எதிராக நின்றார்கள்? அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு எதிரணியை வரிசைப்படுத்தும்போது முதலில் லென்ஸ்டர் மக்களைச் சொல்கிறது, பிறகு டப்ளினின் அயலார், அதன்பிறகே கடல் கடந்து வந்தவர்கள், கவசம் அணிந்த ஆயிரம் பேர். அயலாருக்கு எதிரான போரில் முதல் எதிரி ஐரிஷ்காரன்! பிரையன் பக்கமோ அயர்லாந்து முழுவதும் திரளவில்லை. மன்ஸ்டர் வந்தது, தெற்குக் கானக்ட்டின் இரண்டு மூன்று குலங்கள் வந்தன, ஸ்காட்லாந்திலிருந்து மார் நாட்டுத் தலைவன் ஒருவன் வந்தான். வடக்கின் பெரும் குலங்கள் எட்டிப்பார்க்கவில்லை. உறவுமுறையைப் பார்த்தால் இன்னும் சிக்கல். டப்ளின் மன்னன் சிட்ரிக்கின் தாய் அதே கோர்ம்லா. அதாவது மெயில் மோர்தா அவனுக்குத் தாய்மாமன். கோர்ம்லா பிற்பாடு பிரையனுக்கு மனைவியாகி டொன்காத் என்ற மகனைப் பெற்றாள். ஆக சிட்ரிக்கும் டொன்காத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிரையனின் இன்னொரு மனைவி வழி மகளைக் கட்டியவனும் சிட்ரிக்தான். ஆக பிரையன் அவனுக்கு மாமனார். 999-இல் கிளென்மாமாவில் தோற்று, நகரைப் பறிகொடுத்து, பணிந்த பிறகு சிட்ரிக்குக்கு டப்ளினைத் திருப்பித் தந்ததும் பிரையன்தான். அதற்கடுத்த படையெடுப்புகளில் டப்ளின் குதிரைவீரர்கள் பிரையனோடு போனார்கள். அதே அல்ஸ்டர் குறிப்பு பிரையன் இறந்ததைச் சொல்லும்போது அவனை ஐரியருக்கும் அயலாருக்கும் பிரித்தானியருக்கும் மேலரசன் என்கிறது. அயலாரை விரட்டியவன் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் அரசன் என்கிறது. நகரும் கப்பலும் வெள்ளியும் வைத்திருந்தவர்களை எந்த மன்னன்தான் விரட்டுவான்?

அப்படியானால் 'விரட்டினான்' என்ற கதை யாருக்குத் தேவைப்பட்டது? நூலை எழுதச் செய்தவன் பிரையனின் கொள்ளுப்பேரன் முர்கெர்தாக் ஓ பிரையன் என்பதை இன்று ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். அவனுடைய சிக்கல் குலச் சிக்கல். மன்ஸ்டரின் கேஷல் பாறையில் நூற்றாண்டுக்கணக்கில் அரசாண்டவர்கள் ஓகனக்ட் குலத்தார். தாரா அரசுரிமை ஓ நீல் குலத்தாரின் சொத்து. ஷானன் நதிக்கரையிலிருந்து கிளம்பிய பிரையனின் தால் காஷ் குலம் இரண்டையும் பறித்தது பிரையன் காலத்தில்தான். வம்சாவளியைக் காட்டி உரிமை கேட்டால் ஓ பிரையன்கள் தோற்றுவிடுவார்கள். பிறப்பால் வராத உரிமையைச் செயலால் வந்தது என்று காட்டவேண்டும். அந்தச் செயல் எந்தப் பழங்குலமும் செய்யாததாக இருக்கவேண்டும். நாட்டையே மீட்டவன் என்றால் யார் எதிர்த்துப் பேசுவது? மீட்டவன் வேண்டுமென்றால் முதலில் அடிமைத்தனம் வேண்டும். அதனால்தான் நூலின் முதல் பாதி முழுக்கக் கொடுமை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அயல் சிப்பாய், ஒரே ஒரு பசு இருந்தாலும் அதன் பால் குழந்தைக்கு இல்லை, தலைக்கு என்றுகூட அல்ல, மூக்குக்கு இத்தனை என்று வரி. வாசிக்கும்போது வயிறு எரிகிறது. எரியவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், இதை எழுதச் செய்த முர்கெர்தாக்குக்கு அயலாரோடு எந்தப் பகையும் இல்லை. டப்ளின் அவன் பிடியில் இருந்தது. மகனையே அங்கு அரசனாக வைத்தான். 1102-இல் நார்வே மன்னன் மாக்னஸ் கப்பல் படையோடு வந்தபோது, அவனோடு உடன்படிக்கை செய்து, தன் மகளை மாக்னஸின் மகன் சிகுர்டுக்குக் கொடுத்தான். இன்னொரு மகளை ஒரு நார்மன் பிரபுவுக்குக் கட்டிவைத்தான். அயலாரைக் கடலில் தள்ளிய பாட்டனின் புகழ் பாடப்பட்ட மண்டபத்தில் நார்வேக்காரர்கள் சம்பந்திகள்! இது அவனை இரட்டை வேடக்காரன் ஆக்கிவிடாது. நூலில் வரும் 'அயலார்' நார்வேக்காரர்களோ டப்ளின்காரர்களோ அல்லர் என்பதைத்தான் காட்டுகிறது. ஓ நீல்களையும் ஓகனக்ட்களையும் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொல்ல வசதியாக நிறுத்திவைத்த ஒரு வில்லன் பாத்திரம் அது. சேதி போய்ச் சேர்ந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. சில பத்தாண்டுகளுக்குள் ஓகனக்ட் வழி வந்த மெக்கார்த்திகள் தங்கள் முன்னோன் கெல்லகானைப் பற்றி ஒரு வீரக்கதை எழுதச் செய்தார்கள். பத்தாம் நூற்றாண்டு மன்னன், வைக்கிங்குகளோடு போர், மீட்பு, எல்லாம் அதே அச்சு. போட்டிக் கடை பக்கத்திலேயே திறக்கப்பட்டது என்றால் முதல் கடையில் என்ன விற்றார்கள் என்பது தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்?

இங்கே ஓர் ஆட்சேபம் உண்டு, லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. போர் தொடங்கிய விடியலில் கடல் ஏற்றத்தில் இருந்தது, சாயங்காலம் மறுபடி ஏறிவந்து ஓடியவர்களைக் கப்பலை எட்டவிடாமல் தடுத்தது, பிரையனின் பதினைந்து வயதுப் பேரன் டர்லா அந்த நீரில்தான் மூழ்கினான் என்கிறது நூல். 1860 வாக்கில் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் சாமுவேல் ஹாட்டன், 1014 ஏப்ரல் 23 அன்று குளோன்டார்ஃபில் ஏற்றம் எப்போது என்று கணக்கிட்டார். (தூக்குக் கயிற்றின் நீளத்தையும் கணக்குப் போட்டுச் சொன்ன மனிதர் இவர், எதையும் கணக்கிடாமல் விடமாட்டார் போலிருக்கிறது.) காலை 5.30, மாலை 5.55 என்று வந்தது. அன்றிலிருந்து, பார்த்தவன் சொல்லாமல் இப்படி எழுத முடியாது, ஆகவே நூல் மெய்ச் சாட்சி என்று பலர் வாதிட்டார்கள். கணக்கை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 25; அதைவிடத் தாமதமாக ஈஸ்டர் வரவே முடியாது. அப்படிப்பட்ட ஆண்டின் பெரிய வெள்ளியும், அன்றைய அலையும், அலையில் போன அரச பாலகனும் மூன்று தலைமுறை நினைவில் நிற்காமல் போனால்தான் ஆச்சரியம். நினைவில் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. நிலவின் வயதை வைத்து அலையின் நேரத்தைக் கணக்கிடும் முறையை 8-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயத் துறவி பீட் எழுதிவிட்டார், ஈஸ்டர் கணக்கில் ஐரிஷ் துறவிகள் கெட்டிக்காரர்கள். எப்படி வந்திருந்தாலும், அலை சரியாக இருப்பதால் எதிரியும் சரியாக இருக்கவேண்டியதில்லை. நல்ல சரித்திர நாவலாசிரியன் ஊரையும் நாளையும் பருவத்தையும் பிசகவிடமாட்டான். அந்த நம்பிக்கையின் மேல்தான் பொத்தானைத் தைக்கிறான்.

இன்னோர் ஆட்சேபம்: வைக்கிங் கொடுமை பொய்யா? இல்லவே இல்லை. 795-இல் தொடங்கி மடங்கள் எரிந்தன, 841-இல் டப்ளினில் கப்பல் முகாம் அமைத்தார்கள், மனிதர்களைப் பிடித்து விற்றார்கள். 1014-இல் வந்தவர்களிலும் ஆர்க்னித் தீவின் பிரபு சிகுர்ட் போன்ற அசல் கடலோடிகள் இருந்தார்கள். ஆனால் 795-க்கும் 1014-க்கும் நடுவில் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கிடக்கின்றன. முதல் கப்பல்காரனின் பேரனுக்குப் பேரனும் ஐரிஷ் பேசும் தாயின் மடியில் வளர்ந்துவிட்டான். சிட்ரிக் கிறிஸ்தவன், 997 வாக்கில் ஆங்கிலேயக் காசைப் பார்த்து அயர்லாந்திலேயே முதன்முதலாக நாணயம் அடித்தவன். நூல் செய்த தந்திரம், ஒன்பதாம் நூற்றாண்டின் தீயைப் பதினொன்றாம் நூற்றாண்டின் சிட்ரிக் மேல் ஏற்றியதுதான். மடங்களை எரித்தவர்கள் வைக்கிங்குகள் மட்டும் அல்லர், ஐரிஷ் மன்னர்களும்தான் என்பதை அதே ஆண்டுக்குறிப்புகள் கூச்சமில்லாமல் பதிந்திருக்கின்றன. நூல் அதைத் தொடவே இல்லை. 'விரட்டப்பட்ட' சிட்ரிக் அதன்பிறகு என்ன ஆனான்? போர் நாளன்று மதிலுக்குள்ளேயே இருந்தான், உயிரோடு இருந்தான், 1036 வரை டப்ளினை ஆண்டான். 1028-இல் ரோமுக்கு யாத்திரை போய்வந்து, டப்ளினின் கிறிஸ்து தேவாலயத்துக்கு அடிக்கல் இட்டான். அன்று செத்தவர்கள் பிரையன், அவன் மகன், அவன் பேரன், மெயில் மோர்தா, சிகுர்ட். மேலரசுரிமை மாலக்கியிடமே திரும்பிப் போனது. போரில் லாபம் அடைந்தவர்கள் யார் என்று கணக்குப் பார்த்தால் சண்டை போடாத இருவர் தேறுவார்கள்: மதில் மேல் நின்ற சிட்ரிக்கும், ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தான் என்று நூல் குற்றம் சாட்டும் மாலக்கியும்.

எதிரியின் வாரிசுகளே பிரையனை எப்படி நினைவு வைத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட நியால் சாகாவில் இந்தப் போர் வருகிறது. அதில் பிரையன் புனிதன்; பெரிய வெள்ளியன்று ஆயுதம் எடுக்க மறுத்தவன். அவனைக் கொன்ற பிரோதிர்தான் பாவி. போர் நடந்த அன்று ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஒருவன் ஒரு குடிசைக்குள் எட்டிப்பார்க்கிறான்: பெண்கள் தறி போட்டு அந்தப் போரின் விதியை நெய்துகொண்டிருக்கிறார்கள். குடல்தான் நூல், மனிதத் தலைகள் பாவுக்குத் தொங்கும் கல், வாள்தான் நெய்ததை இறுக்கும் பலகை. இரண்டு தேசங்கள் மோதிய போராக இருந்திருந்தால் தோற்ற தேசத்தின் கதை வென்றவனைப் புனிதன் ஆக்குமா? ஐஸ்லாந்துக்காரனுக்கு அது இரண்டு கூட்டணிகள் மோதிய பெரும் சாவு. அதில் இறந்த நல்ல அரசன் இரு தரப்புக்கும் சொந்தம்.

இப்படிச் சொல்வதால் நூலைக் குப்பையில் போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடவேண்டாம். நாவலாக வாசித்தால் அதன் உயரம் கூடுகிறது. பிரையனை இரண்டாம் அலெக்சாண்டர், சாலமோன், தாவீது என்றும், முர்காத்தை எக்டர் என்றும் அடுக்கும்போது ஆசிரியன் டிராய்க் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது தெரிகிறது. நான் எந்த வகை எழுத்து எழுதுகிறேன் என்று அவனே கையெழுத்துப் போடுகிறான். மதில் மேல் நின்று பார்க்கும் சிட்ரிக், நம் ஆட்கள் வயலை நன்றாக அறுக்கிறார்கள் என்கிறான். பிரையனின் மகளான அவன் மனைவி, பொழுது சாயட்டும், அப்போது பேசலாம் என்கிறாள். பொழுது சாய்கிறது. அயலார் கடலுக்குள் ஓடுவதைப் பார்த்து, உங்கள் ஆட்கள் பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள், ஈ கடித்த மாடுகள் மாதிரி ஓடுகிறார்களே, பால் கறக்க நிற்கக் காணோம் என்கிறாள். அவன் அறைந்த அறையில் ஒரு பல் விழுகிறது. கூடாரத்தில் கிழவன் சங்கீதம் ஓதுகிறான். நடுநடுவே வாசலில் நிற்கும் பணியாளிடம் முர்காத்தின் கொடி நிற்கிறதா என்று கேட்கிறான். நிற்கிறது. மறுபடி கேட்கிறான், நிற்கிறது. மூன்றாம் முறை விழுந்துவிட்டது. இரண்டு பேர் மட்டும் இருந்த கூடாரத்தின் பேச்சு தொண்ணூறு ஆண்டு கழித்துச் சொல்லுக்குச் சொல் எப்படிக் கிடைத்தது என்று கேட்பவன் நாவல் வாசிக்கத் தெரியாதவன். பின்னால் வந்த எல்லோரும் இந்தக் கிணற்றில்தான் இறைத்தார்கள். 1843-இல் ஐரிஷ் அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல் குளோன்டார்ஃபில் கூட்டம் கூட்ட நினைத்ததும், அரசு அஞ்சித் தடை போட்டதும் இந்தக் கதையின் பலத்தால். மார்கன் லீவலினின் 'லயன் ஆஃப் அயர்லாந்து' வரை வந்த நாவல்களும் அதன் பேரப்பிள்ளைகளே. டிரினிட்டி கல்லூரியில் பிரையன் போருவின் யாழ் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அயர்லாந்தின் அரசு முத்திரைக்கு மாதிரி அதுதான். பிரையன் இறந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்துச் செய்த யாழ் அது.

ஆனால் சொன்ன கதைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் ஓர் இடம் எந்த நாவலிலும் தப்பி வந்துவிடும். இந்நூலில் அது போருக்குப் பின் வருகிறது. தால் காஷ் வீரர்கள் காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். முல்லாமாஸ்ட் குன்றை அடைவதற்குள் கூட வந்த தெற்கு மன்ஸ்டர் படை தனியே பிரிந்து, பிரையன் செத்துவிட்டான், இனி எங்களுக்குப் பிணையாட்களைக் கொடுங்கள் என்கிறது. காயக்காரர்கள் புண்ணில் பாசியைத் திணித்துக்கொண்டு வாளை எடுக்கிறார்கள். எதிரே நின்றவர்கள் விலகிப்போகிறார்கள். பிறகு அதை என்ற இடத்தில், பாரோ நதிக்கரையில், ஆஸரி மன்னன் வழிமறிக்கிறான். அவனுக்கும் பிணையாட்கள் வேண்டும். காட்டில் கம்பு வெட்டி நட்டு, எங்களை அதில் சாய்த்துக் கட்டுங்கள், ஆயுதத்தைக் கையில் கொடுங்கள், நல்ல உடம்புக்காரர்கள் எங்கள் இரு பக்கமும் நில்லுங்கள் என்று காயக்காரர்கள் சொல்கிறார்கள். அப்படியே கட்டுகிறார்கள். எதிர்ப்பக்கம் வந்து பார்த்த ஆஸரிப் படை, இவர்களோடு சண்டை போட முடியாது என்று மன்னனிடம் சொல்லிவிடுகிறது. நதியின் அந்தப் பக்கம் பேசிக்கொண்டதை இந்தப் பக்கம் கம்பில் கட்டப்பட்டவர்களால் ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்ள முடிந்திருக்கும். இரண்டு கரையிலும் ஐரிஷ்தான்.